ஏழில் வைத்த ஃப்ரிட்ஜ்

காலை ஐந்தேகாலுக்கு அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்த ஒரு கூல்டிரிங்ஸ் பெட்டி. கடை அடைத்திருந்தது. பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அரை வரிசை மோர் பாக்கெட்டும் நாலைந்து தண்ணீர் பாட்டிலும் இருந்தன. சங்கிலியில் இரண்டு பூட்டுகள் தொங்கின. எதற்கு இரண்டு என்று பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஒண்ணு கடைக்காரரு போட்டது. இன்னொண்ணு அவரு கூட்டாளி போட்டது" என்றார். "ரெண்டு பேரும் வந்தாத்தான் தெறக்கும்."

டீ நன்றாக இருந்தது. சென்னையில் இந்த நேரத்துக்கு இவ்வளவு கெட்டியான பால் கிடைக்காது.

நான் வந்தது ஒரு வேவு வேலைக்காக. வேறு பெயர் சொல்லி மழுப்ப விருப்பமில்லை. என் தங்கை செண்பகம் பாளையம்பட்டியில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. வலது கண்ணில் அதிகம். மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு இரண்டு முறை நாள் கொடுத்து, இரண்டு முறையும் சுகர் குறையவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகக் கொடுத்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இந்தத் தடவையும் தள்ளிப்போனால் வலது கண்ணுக்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதன் பிறகுதான் செண்பகத்தின் கணவர் தனுஷ்கோடி எனக்கு போன் செய்தார்.

"மதினி, ஒரு நாலு நா வந்து கூட இருங்க. அவ என்னத்தையோ ஒளிச்சு வச்சுத் திங்கிறா. எங்களால பிடிக்க முடியல. நீங்க பேப்பர்ல இருந்தவுக, கண்டுபிடிச்சிருவீக."

பத்திரிகையில் நான் பெரும்பாலும் பிறர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவள். துப்புத் துலக்கியதில்லை. ஆனால் எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்பக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் பாடம். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

பாளையம்பட்டிக்கு டவுன் பஸ் ஏறினேன். சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் நிறுத்தத்தில் நிற்காமல் வெகுதூரம் தாண்டி இறக்கிவிட்டார்கள். "இந்தா, ரெண்டு எட்டு திரும்பி நடங்கம்மா" என்றார் நடத்துநர். அந்த இரண்டு எட்டை நடக்கக் கால் மணி நேரமானது. வைகாசி மாதம், ஆறரை மணிக்கே வெயில் உறைத்தது.

வீட்டில் மூன்று பேர். செண்பகம், தனுஷ்கோடி, மருமகள் இந்து. மகன் திருப்பூரில் வேலையாக இருக்கிறான், மாதம் ஒருமுறை வருவான். தனுஷ்கோடிக்குப் பந்தல்குடியில் தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை விற்கும் கடை. கடையில் குவித்த பருத்திக்கொட்டையின் மேல் சாம்பலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுவிட்டுத்தான் இரவு கதவைச் சாத்துவார். யாராவது கை வைத்தால் கோடு கலைந்துவிடும், காலையில் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் இப்போது சமையலறைக்கும் வந்திருந்தது. சீனி டப்பாவைத் திறந்து பார்த்தேன். மேல்மட்டத்தைத் தட்டிச் சமப்படுத்தி, விரலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். வெல்லம் இருந்த டப்பாவில் மூடியைச் சுற்றி ஒரு நூல்.

"கலைஞ்சிருக்கா?" என்று இந்துவிடம் தணிந்த குரலில் கேட்டேன்.

"ஒரு நாளும் கலைஞ்சதில்ல, பெரியத்தை. அதான் மாமாவுக்குச் சந்தேகம். வெளிய எங்கயோ வாங்குறாங்கன்னு சொல்றாக."

குறி கலையாததே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்ட வீடு அது.

காலை உணவு தோசையும் தக்காளிச் சட்னியும். செண்பகத்துக்கு இரண்டு தோசை, எண்ணி வைத்தார்கள். எனக்குத் தயிர் ஊற்றினாள் இந்து. பல்லில் நறநறத்தது. பார்த்தால் தயிரில் பொடிப்பொடியாக ஐஸ். வெயில் ஊரில் அது சுகமாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் ஒரே ஒரு ஏசி. தை மாதம் வாங்கியது. அதன் ரிமோட் தனுஷ்கோடியின் சட்டைப் பையில் இருந்தது. கடைக்குப் போனாலும் கூடவே போகும். அவர் திரும்பி வரும்வரை அந்த அறையில் ஃபேன்தான்.

"இருபத்தேழுல வச்சா கரண்டு மிச்சம்" என்றார். "டீவில சொன்னாக, பேப்பர்லயும் போட்டாக. பதினெட்டுல வச்சு போத்திக்கிட்டுப் படுக்குறவன் கிறுக்கன். நம்பரைக் கூட்டு, செலவு கொறையும். அம்புட்டுத்தான் சூட்சுமம். ரீடிங் எடுக்க வர்ற பிள்ளையே கேட்டுச்சு, ஏசி மாட்டியும் எப்பிடிண்ணே இம்புட்டுத்தான் ஓடியிருக்குன்னு."

சொன்னது சரிதான். எனக்குக் கனடாவில் மகள் வீட்டுச் சுவரில் இருந்த சின்னப் பெட்டி நினைவுக்கு வந்தது. வீடு முழுவதற்கும் அதுதான் வெப்பம் வைக்கும். போன புதிதில் குளிர் தாங்காமல், சீக்கிரம் சூடாகட்டும் என்று அதை முப்பதுக்குத் திருகிவிட்டேன். வேகமாக ஒன்றும் சூடாகவில்லை. வழக்கமான வேகத்தில் ஏறிக்கொண்டே போய், மத்தியானம் எல்லோருக்கும் வேர்த்துவிட்டது. "அத்தை, அது அடுப்பு இல்ல. எங்க நிக்கணும்னு மட்டும்தான் அதுக்குச் சொல்ல முடியும்" என்றார் மருமகன். அதன் பிறகு அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டுப் பூட்டிவிட்டார். எந்த நாடாக இருந்தாலும் வீட்டில் ஒருவர் கையில்தான் அந்த அதிகாரம் இருக்கும் போலிருக்கிறது.

முதல் நாள் முழுவதும் செண்பகத்தின் பின்னாலேயே இருந்தேன். அவள் கொல்லைக்குப் போனால் துணி காயப்போடும் சாக்கில் நானும் போனேன். தெருமுனைக் கடையில் விசாரித்தேன். "அந்தம்மா இங்க ஏதும் வாங்குறதில்லையே" என்றார் கடைக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேத்து அவுக வீட்டுக்காரரும் இதத்தான் கேட்டாரு. நீங்க யாரு?" என்றார்.

இரண்டாம் நாள் திருச்சுழியில் தனுஷ்கோடியின் உறவினர் வீட்டுக் காதுகுத்து. விருந்து என்றால் இனிப்பு இருக்கும், அங்கேதான் பிடிபடுவாள் என்பது தனுஷ்கோடியின் கணக்கு. அவர் கடையைவிட்டு வர முடியாது என்று எங்கள் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டார். ஏறும்போது என்னை மட்டும் பார்த்துத் தலையசைத்தார்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. சன்னலுக்கு வெளியே உழுது போட்ட கரிசல், வெடித்த கண்மாய், அதற்கப்பால் சீமைக்கருவேலம். முன் இருக்கையில் ஒருவர் மடியில் அட்டைப்பெட்டி வைத்திருந்தார். கரண்ட் மிச்சம் பிடிக்கும் டப்பாவாம். சுவரில் செருகிவிட்டால் போதும், பாதி மிச்சம் என்று அடுத்த இருக்கைப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செருகினால் பச்சை விளக்கு எரியும் என்று படத்தைக் காட்டினார்.

"எங் கொழுந்தனும் ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கான்" என்றாள் அவள். "ராவும் பகலும் பச்சையா எரியுது. அது எரியிறதுக்கு யாரு வீட்டுக் கரண்டு?"

அவர் பெட்டியை மூடிக்கொண்டார். பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். செண்பகமும் சிரித்தாள்.

பாதி வழியில் பஸ் நின்றது. ஓட்டுநர் இறங்கிப் போய் முன்பக்கம் பார்த்துவிட்டு, பெல்ட் அறுந்துவிட்டது என்றார். மர நிழல் என்று சொல்ல ஒரு வேம்புதான் இருந்தது. முப்பது பேரும் அதன் கீழ் நெருக்கிக்கொண்டு நின்றோம். அந்தப் பக்கமாக வந்த ஒரு லோடு ஆட்டோவில் நாங்கள் இருவரும் காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து திருச்சுழி போய்ச் சேர்ந்தோம். செண்பகத்துக்கு ஏறும் படி தெரியவில்லை. காலால் தடவித் தடவி ஏறினாள். இடம் கண்டு உட்கார்ந்த பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அக்கா, நீயும் என்னையத்தான பாத்துக்கிட்டு இருக்க."

மறைப்பதில் பயனில்லை. "ஆமா" என்றேன்.

"நல்லாப் பாரு. நான் என்னத்தத் திங்கிறேன்னு எனக்குத் தெரியல. ஒனக்காவது தெரியட்டும்."

விருந்தில் வாழையிலை போட்டு, பரிமாறுகிறவர்கள் வரிசையாக வந்தார்கள். லட்டு வைத்துக்கொண்டு வந்த பெண் என் இலையில் வைத்தாள், செண்பகத்தின் இலையைத் தாண்டி அடுத்தவருக்கு வைத்தாள். யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. எதிர்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா சத்தமாகவே, "கண்ணு போகப்போற நேரத்துலயாவது நாக்கு அடங்கணும்ல" என்றார். செண்பகம் கொஞ்சம் சோறு, ரசம், அவரைக்காய்ப் பொரியல் சாப்பிட்டாள். பாயசத்துக்கு முன்பே இலையை மூடினாள். கை கழுவும் இடத்துக்கு நானும் கூடப் போனேன். அவள் கை துடைத்த கைக்குட்டையைக்கூட வாங்கிப் பார்த்தேன். வீடு திரும்பி, சாயந்திரம் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டு, ஊசி போட்டுக்கொண்டு என் பக்கத்துக் கட்டிலிலேயே படுத்தாள். நான் அறைக்கதவை உள்ளே பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை இந்து செண்பகத்தின் விரலில் குத்திப் பார்த்தாள். கருவியில் முந்நூறுக்குச் சற்றுக் கீழே காட்டியது.

தனுஷ்கோடி என்னைப் பார்த்தார். "சொன்னேன்ல. விருந்துல எப்பிடியோ தின்னுருக்கா."

"திங்கல" என்றேன். "நான் பாத்தேன்."

"பின்ன எப்பிடி ஏறும்?"

அதுதான் கேள்வி. உள்ளே போனது என்னவென்று எனக்குத் தெரியும். அதற்கு இவ்வளவு ஏறாது. அப்படியானால் ஏறியதை இறக்க வேண்டிய மருந்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்தச் சந்தேகம் தனுஷ்கோடிக்கும் முன்னொரு முறை வந்திருக்கிறது. பந்தல்குடியில் அவர் கடைக்கு அடுத்த கடை மருந்துக் கடை. அங்கேதான் இன்சுலின் வாங்கிக்கொண்டிருந்தார். மாசியில் முதல் ஆபரேஷன் தள்ளிப்போனதும், போலி மருந்து விற்கிறாய் என்று நடுரோட்டில் நின்று அவரை ஏசியிருக்கிறார். அதன் பிறகு அருப்புக்கோட்டையில் வாங்கினார். அப்போதும் குறையவில்லை. எனவே மருந்துக் கடைக்காரர் மேல் இருந்த சந்தேகம் அப்படியே இடம் மாறி மனைவி மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. கடைக்காரரிடம் போய்ச் சந்தேகம் தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை.

செண்பகம் ஊசி போடும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஃப்ரிட்ஜில் இருந்து ஒரு எவர்சில்வர் சம்புடத்தை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்தாள். சில்லென்று போட்டால் வலிக்கும், அரை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்றாள். பிறகு சம்புடத்தைத் திறந்து பாட்டிலை எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். பால் போல் கலங்கிய மருந்து அது. உருட்டினால் ஒரே சீராகக் கலக்க வேண்டும்.

"குடு" என்று வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பாட்டிலின் உள்சுவரில் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள் ஒட்டியிருந்தன. ரவை போல் சில அடியில் கிடந்தன. மறுபடி உருட்டினேன். கரையவில்லை.

"இது எப்பவும் இப்பிடித்தான் இருக்குமா?"

"எப்பிடி?" என்றாள் செண்பகம். பாட்டிலைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவளுக்கு வெள்ளையாக ஏதோ இருந்தது, அவ்வளவுதான். சிரிஞ்சில் கோட்டைக்கூட அவள் உத்தேசமாகத்தான் கணக்கிட்டு வந்திருக்கிறாள். வீட்டில் மற்ற இருவரும் அவள் வாயைத்தான் கவனித்தார்கள். பாட்டிலை யாரும் பார்க்கவில்லை.

ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதக் கூடாது என்பது நான் வேலை பார்த்த இடத்தின் விதி. பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பந்தல்குடிக்குப் பஸ் ஏறினேன். தூத்துக்குடி ரோட்டில் லாரிகளின் புழுதிக்குள் இரண்டு கடைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நடுவில் புதிதாக ஒரு தகரத் தடுப்பு. தனுஷ்கோடி கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவே நான் மருந்துக் கடைக்குள் போனேன்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பாட்டிலை வைத்துவிட்டு, யார் வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். அவர் பாட்டிலைத் தொடவில்லை.

"இதுல ஏங் கடைச் சீட்டு இல்லையே" என்றார்.

"இது அருப்புக்கோட்டைல வாங்குனது."

"அப்ப அங்க போய்க் கேளுங்கம்மா. இங்க வந்து நான் ஒரு வார்த்த சொல்லி, அத ஒங்க ஆளு வெளிய நின்னு கேட்டு, நாளைக்கு ஊரே கூடுறதுக்கா? ஒரு தடவ பட்டது போதும்."

"என் தங்கச்சிக்குக் கண்ணு போயிரும்" என்றேன். "அதுக்காகத்தான் வந்தேன். நீங்க சொல்றத அவருக்குச் சொல்லணும்னு இல்ல."

அவர் தகரத் தடுப்பைப் பார்த்தார். பிறகு பாட்டிலை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். ஒரு முறைதான் பார்த்தார்.

"மருந்து அசல்தான். ஐஸாகி உருகியிருக்கு" என்றார். "ஒரு தடவ கட்டியாயிருச்சுன்னா முடிஞ்சுச்சு. அப்பறம் உருகுனாலும் வேலை செய்யாது. இதப் போடுறதுக்குப் போடாமயே இருக்கலாம். எங்க வச்சிருக்கீக, ஃப்ரீசருக்குள்ளயா?"

"ஃப்ரிட்ஜுலதான்."

"ஃப்ரிட்ஜுல எங்க?"

எனக்குத் தெரியவில்லை. போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். செண்பகம் எடுத்தாள். மேல் தட்டில், ஃப்ரீசருக்கு நேர் கீழே, பின்னால் தள்ளி வைப்பதாகச் சொன்னாள். கரண்ட் போனாலும் அந்த இடம்தான் கடைசிவரை குளிர்ச்சியாக இருக்கும் என்று அவளாகத் தேர்ந்தெடுத்த இடம். மருந்தைக் காப்பாற்ற அவள் செய்த ஏற்பாடு.

"அங்க வச்சாலும் லேசுல கட்டியாகாதே" என்றார் கடைக்காரர். "திருகு எதுல இருக்குன்னு கேளுங்க."

"ஏழுல இருக்கு" என்றாள் செண்பகம் போனில். "அவுகதான் ஏழுல வச்சாக. யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காக."

தனுஷ்கோடி தடுப்புக்கு வெளியே வந்து நின்றிருந்தார். எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை. "ஏழுலதான் வச்சேன்" என்றார். "ஏழுலதான கொறைச்சலா குளுரும்?"

மருந்துக் கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மத்தியானம் வீட்டில் நடந்த வாக்குவாதத்தை இங்கே எழுத வேண்டும், ஏனென்றால் அதில் தனுஷ்கோடி சொன்னது முட்டாள்தனம் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தத் திருகைப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள். பக்கத்தில் ஒரு பூப் போன்ற படம், பாதி அழிந்திருந்தது. எது அதிகக் குளிர், எது குறைந்த குளிர் என்று எந்த மொழியிலும் ஒரு வார்த்தை இல்லை.

"மதினி, நீங்களே சொல்லுங்க" என்றார். "இஸ்திரிப் பெட்டி சூடு பண்ற சாமான். நம்பர் கூடுனா கரண்டு கூட. சரியா? ஏசி குளுர வைக்கிற சாமான். நம்பர் கூடுனா கரண்டு கம்மி. கவர்மெண்டே சொல்லுது. இப்ப ஃப்ரிட்ஜு எந்தப் பக்கம்? குளுர வைக்கிற பக்கம். அப்ப ஏழுலதான வைக்கணும்? ஒண்ணுல வச்சா ஒரு டிகிரி, ஐஸாப் போகும்னுதான் நான் கூட்டி வச்சேன். ஏசி வாங்குன அன்னைக்கே மாத்திட்டேன்."

"ஏசில இருக்குறது எவ்வளவு சூடு வேணும்ங்கிற நம்பர். இதுல இருக்குறது எவ்வளவு குளுரு வேணும்ங்கிற நம்பர். கூட்டுனா குளுரு கூடும், கரண்டும் கூடும்" என்றேன்.

"ஏசிக்கு ஒரு நியாயம், ஃப்ரிட்ஜுக்கு ஒரு நியாயமா? ரெண்டையும் செஞ்சவன் பேசி வச்சுக்க மாட்டானா?"

செய்தவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

"தயிர் ஐஸாத்தான மாமா இருக்கு, தைல இருந்து" என்றாள் இந்து.

"அப்ப ஏன் சொல்லல?"

"தொடக்கூடாதுன்னீங்க."

என் வார்த்தையை அவர் ஏற்கவில்லை. வியாபாரி, தானே சோதித்துத்தான் நம்புவார். சாயந்திரம் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, சம்புடம் இருந்த அதே இடத்தில் வைத்தார். திருகு ஏழிலேயே இருந்தது. சாம்பலைத் தண்ணீரில் குழைத்து, ஃப்ரிட்ஜின் கதவும் பெட்டியும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டார், யாரும் திறந்து ஏமாற்றிவிடக் கூடாது என்று. இரவுச் சாப்பாட்டுக்கு ஊறுகாயும் மோரும் இல்லாமல் சமாளித்தோம்.

நான்காம் நாள் காலை கோடு கலையாமல் இருந்தது. கதவைத் திறந்து டம்ளரை எடுத்தார். எங்கள் எல்லோர் முன்னாலும் கவிழ்த்துப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை.

திருகை இரண்டுக்குத் திருப்பி, மறுபடி ஒரு டம்ளர் வைத்தார். மறுநாள் காலை கவிழ்த்தபோது தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது. துடைத்துக்கொள்ளாமல் குனிந்து திருகைப் பார்த்தார். "அப்ப ஏழுல அது ராப்பகலா ஓடிக்கிட்டே இருந்துருக்கு" என்றார். அவர் முதலில் நினைத்தது கரண்டை.

செண்பகம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொட்டிய சத்தம் கேட்டிருக்கும். டம்ளரைப் பார்க்கும் தூரத்தில் அவள் இல்லை. "அப்ப எனக்கு ஊசி போட்டதெல்லாம்?" என்று கேட்டாள்.

"வேலை செஞ்சிருக்காது" என்றேன்.

"எல்லாமேவா?"

"எல்லாம் இல்ல. புதுப் பாட்டில் வாங்கித் தெறந்த முத ஒரு நாள் ரெண்டு நாள் செஞ்சிருக்கும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். புதுப் பாட்டில் திறந்த நாட்களில் சுகர் குறைந்ததையும், வீட்டில் அதைப் பார்த்து "இன்னைக்கு வாயக் கட்டியிருக்கா" என்று சொன்னதையும் இந்து பிறகு என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கே அருப்புக்கோட்டை போய்ப் புது மருந்து வாங்கினோம். இனி கதவுத் தட்டில் வைக்க வேண்டும், திருகு இரண்டில் இருக்க வேண்டும். ஊசியை இந்து போட்டாள். பழைய பாட்டில்களைத் தனுஷ்கோடி ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். நான்கு நாள் என்று வந்தவள் தங்கிவிட்டேன். தெருமுனைக் கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கண்டுபிடிச்சாச்சா?" என்று கேட்டார். ஃப்ரிட்ஜ் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "ஆமா, ஃப்ரிட்ஜுக்குள்ள தான வச்சுத் திங்கணும்" என்றார்.

ஒரு வாரத்தில் காலை அளவு நூற்று ஐம்பதுக்கு வந்தது. அதே இரண்டு தோசை, அதே இரண்டு சப்பாத்தி. மதுரைக்குப் போன் செய்து சொன்னோம். குறித்த நாளிலேயே வரச் சொன்னார்கள். வியாழக்கிழமை வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்து, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். கடைசிக்கு முந்தைய வரிவரை படித்தாள்.

மதுரையிலிருந்து வந்த மறுநாள் தனுஷ்கோடி என்னையும் அழைத்துக்கொண்டு பந்தல்குடிக்குப் போனார். கடையைத் திறப்பதற்கு முன் நேராக மருந்துக் கடைக்குள் ஏறினார். பழைய பாட்டில் பையை மேசை மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நடுரோட்டுல வச்சுப் பேசுனது தப்பு. மருந்து நல்ல மருந்துதான். தப்பு ஏம் பேருல. மனசுல வச்சுக்கிறாதீக."

"அட, விடுங்கண்ணே" என்றார் மருந்துக் கடைக்காரர். டீ வரவழைத்தார். மூவரும் நின்றபடியே குடித்தோம். மத்தியானத்துக்குள் இரண்டு பேருமாகத் தகரத் தடுப்பைக் கழற்றிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் நான் சென்னைக்குக் கிளம்பினேன். அதுவரை, மருந்துக் கடையில் சொன்ன மாதிரி ஒரு வார்த்தையைச் செண்பகத்திடம் அவரும் சொல்லவில்லை, இந்துவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.